தாளம் தப்பும் நெஞ்சு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. மலருக்கென அவரே எழுதித் தந்தது.)



இசைக் கச்சேரிக்கும் சிறுவர் நாடகத்துக்கும் இடையே கிடைத்த அரைமணி நேரத்தை ஒரு வைத்தியனுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். கச்சேரியின் இனிமை காதை விட்டு அகலாத வேளையில் நோயைப் பற்றிப் பேசுவது விருந்துக்கு இடையே கஷாயம் பரிமாறுவது போன்றதே. செயலாளர் அவர்கள் முதலில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசும்படி பணித்தார். அதைப் பற்றிச் சென்ற ஆண்டும் கேட்டீர்கள். அதற்கு முந்திய ஆண்டும் கேட்டீர்கள். கேட்டு முடித்தபின் எழுந்து போய் ஜாங்கிரியும் சாப்பிட்டீர்கள். ஆகவே இவ்வாண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டினேன். சில சமயம் வந்து, சற்று நேரம் இருந்து, தானே மறைந்துவிடும் நெஞ்சுப் படபடப்பே அப்பொருள்.

அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது என் தவறு ஒன்றைப் பற்றியது.

பல ஆண்டுகளுக்கு முன், நம் காலனிவாசியான ஒரு சகோதரி, இரண்டு குழந்தைகளின் தாய், என்னிடம் வந்தார். “டாக்டர், சில வேளைகளில் நெஞ்சு திடீரென்று படபடவென அடித்துக்கொள்கிறது, கால்மணி அரைமணியில் தானே நின்றுவிடுகிறது” என்றார். நாடியைப் பார்த்தேன், சீராக இருந்தது. ஈ.ஸி.ஜி. எடுத்தேன், அதிலும் குறையொன்றும் இல்லை. வீட்டு நிலைமையை விசாரித்தேன். கணவருக்கு உருக்காலையில் இரவு ஷிப்டு; மாமியார் படுத்த படுக்கை; ஊரிலே தங்கைக்குக் கலியாணம் கூடிவரவில்லை. இத்தனை கவலை உள்ளவருக்கு நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும் என்று எண்ணி, தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த மூன்று ஆண்டுகளில் நாலைந்து முறை வந்தார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே விடை, அதே மாத்திரை.

ஒரு நாள் மாலை, கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது படபடப்புத் தொடங்கியது. அண்டை வீட்டு மாமி சற்றுத் துணிச்சல்காரர். “நிற்பதற்குள் டாக்டர் கண்ணால் பார்க்கட்டும்” என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றி நேரே அழைத்து வந்துவிட்டார். அன்றைய ஈ.ஸி.ஜி. காகிதத்தில் நிமிடத்துக்கு 190 துடிப்புகள் பதிவாயின. கவலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் இருதயத்தில் பிறவியிலேயே அமைந்திருந்த ஓர் உபரி மின்பாதைதான் காரணம். மின்னோட்டம் அப்பாதையில் புகுந்து, செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. பிறகு பெரிய நகரம் ஒன்றுக்குச் சென்று, தொடை இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி அப்பாதையைச் சுட்டு மூடும் சிகிச்சையைச் செய்துகொண்டார். இன்று நலமாக இருக்கிறார். என்மீது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்படியானால் எனக்குச் சித்தப்பிரமை இல்லையே, டாக்டர்?” என்று மட்டுமே கேட்டார். மூன்று ஆண்டுகள் அந்தப் பயத்தை அவர் மனத்தில் வளர்த்தவன் நான். இன்று உங்கள்முன் பேச வந்ததற்கு அதுவே காரணம்.

இனி இருதயத்தின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். இருதயத்துக்கு நான்கு அறைகள் உண்டென்பதைப் பள்ளிக் குழந்தைகளும் அறிவர். வலப்பக்க மேலறையின் சுவரிலே சிறு திசுத்திரள் ஒன்று இருக்கிறது. மின்துடிப்பு பிறப்பது அங்கேதான். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்காட்லாந்து உடற்கூற்று அறிஞர் ஆர்தர் கீத், அவருடைய மாணவர் மார்ட்டின் பிளாக் ஆகிய இருவர். மாணவர் முதலில் அதைக் கண்டது மனித இருதயத்தில் அன்று. மண்ணைத் தோண்டி வாழும் அகழெலியின் இருதயத்தில்! அவர்கள் ஆராய்ச்சி 1907ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர், மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள சந்திப்பை விளக்கியிருந்தார். மேலே பிறந்த மின்னலை அச்சந்திப்பில் நொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நேரம் தங்கி, பின்னர் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகள் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழே கொட்டி முடிக்க அந்த அவகாசம் வேண்டும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகள் ஆகின்றன. இத்தனை துடிப்புகளில் ஒன்றுகூடப் பிசகாமலிருக்க இருதயம் கடிகாரமன்று. மூச்சை உள்ளே இழுக்கையில் அது சற்று விரையும். வெளியே விடுகையில் சற்றுத் தணியும். குழந்தைகளிடத்தும் இளைஞரிடத்தும் இது நன்றாகவே தெரியும். இது நோயன்று.

எல்லாரும் எப்போதாவது உணரும் வேறொரு பிசகு உண்டு. “நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு, பிறகு தட்டென்று இடித்தது” என்பார்கள். சற்றுமுன் மிருதங்கம் வாசித்த இளைஞரைக் கேட்டீர்கள். அவர் ஒரே ஓர் அடியைச் சிறிது முந்தி அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை நிரம்புமுன் விழுந்த அடியாதலால் அதில் வலு இல்லை. நாடியில் தெரியாமலும் போகலாம். அதன்பின் ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் கீழறை வழக்கத்தைவிடக் கூடுதலான இரத்தத்தால் நிரம்புகிறது. ஆகவே அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. நாம் உணர்வது அந்த ஓங்கிய அடியை! துடிப்பு விட்டுப்போனதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒன்று முந்தி வந்துவிட்டது, அவ்வளவே. இரவில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கும்போது இது மிகுதியாகத் தெரியும். பகலின் சந்தடியில் கவனத்துக்கே வராது.

அமெரிக்காவில் நார்மன் ஹோல்ட்டர் என்ற விஞ்ஞானி, நடமாடும் மனிதரின் இருதய மின்னோட்டத்தை நாள் முழுதும் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். முதலில் அது மூட்டை போல முதுகில் சுமக்க வேண்டியதாக இருந்தது. 1961இல் அதைச் சிறிதாக்கி உலகுக்கு அறிவித்தார். இன்று அது ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. நோயே இல்லாத மனிதருக்கு அதைப் பொருத்திப் பார்த்தாலும், 24 மணி நேரத்தில் இத்தகைய முந்திய துடிப்புகள் சிலவாவது பெரும்பாலும் காணப்படுகின்றன. தூக்கமின்மை, காய்ச்சல், புகை, மது ஆகியவை அவற்றை மிகுவிக்கும். நம் ஊர்க் கோடையில் வயிற்றுப்போக்கு உண்டானால் உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்புக் குறைந்து நெஞ்சு தாளம் தப்பலாம். சளிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் சில மாத்திரைகளும், இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தும் துடிப்பை விரைவாக்கும். பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் அடிக்கடி காரணமாகின்றன. இரண்டையும் ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

காப்பியைப் பற்றிக் கேட்க வாய் திறந்தவர்களை இங்கிருந்தே பார்க்கிறேன். 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், உடல்நலமுள்ள 100 பேரைச் சில நாள் காப்பி குடிக்கச் செய்தும், சில நாள் குடியாதிருக்கச் செய்தும் பார்த்தார்கள். மேலறையில் எழும் பிசகுத் துடிப்புகள் காப்பியால் குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை. கீழறையில் எழுபவை மட்டும், குடியாத நாளில் 102 ஆகவும் குடித்த நாளில் 154 ஆகவும் இருந்தன. தூக்கம் 36 நிமிடம் குறைந்தது. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் அடி கூடுதலாக நடந்தார்கள்! ஆகவே காலையில் ஒரு டம்ளர் பில்டர் காப்பியை உங்கள் கையிலிருந்து பறிக்க நான் வரவில்லை. எனினும், குடித்ததும் தமக்குத் தாளம் தப்புவதைத் தெளிவாக உணர்பவர், அதிலும் மாலையில் குடிப்பவர், இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

இனி, பிறமொழி பேசும் ஊரிலே வாழும் நமக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். தமிழிலே ‘படபடப்பு’ என்றால் பயமும் ஆகும், இருதயம் விரைந்து துடிப்பதும் ஆகும். இந்தியிலே ‘கப்ராஹட்’ என்ற சொல்லுக்கும் அதே இரட்டைத்தன்மை உண்டு. ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் ஒரு பாட்டி, இந்தி அறியாத நிலையில், மருமகளின் வாய்வழியாக “கப்ராஹட் ஹோதீ ஹை” என்கிறார். கேட்கும் டாக்டர், பாவம், ‘பாட்டிக்கு ஊர் நினைவு, மனக்கலக்கம்’ என்று எழுதிக்கொள்கிறார். நோய் மொழிபெயர்ப்பிலே தொலைந்துபோகிறது. நான் தமிழனாக இருந்தும், தமிழிலேயே கேட்டும், அச்சகோதரியின் சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டேனே! ஆகவே ‘தட்கன்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு என்பது அதன் பொருள். “தில் கீ தட்கன் அச்சானக் தேஜ் ஹோ ஜாதீ ஹை” என்றால், நெஞ்சுத் துடிப்புத் திடீரென விரைவாகிவிடுகிறது என்று எந்த டாக்டருக்கும் விளங்கும். அதனினும் நல்ல வழி ஒன்று உண்டு. அதற்கு மொழியே வேண்டாம். துடிப்பு எப்படி இருந்தது என்பதை விரலால் மேஜைமீது தட்டிக் காட்டுங்கள். ஒழுங்காக, ஆனால் மிக விரைவாகத் தட்டினால் ஒரு பொருள். இடையே ஒன்று தவறித் தட்டினால் மற்றொரு பொருள். தாளமே இல்லாமல் தாறுமாறாகத் தட்டினால் வேறொரு பொருள். எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது என்பதையும் சொல்லுங்கள். விசையைப் போட்டாற்போலத் தொடங்கி, விசையை அணைத்தாற்போல நின்றால், அச்சகோதரிக்கு இருந்தது போன்ற மின்பாதைக் கோளாறாக இருக்கக்கூடும்.

அத்தகையோருக்கு ஓர் எளிய உத்தியும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், நோயாளியைச் சாய்ந்து உட்காரச் செய்து, 15 நொடி மூச்சை முக்கி ஊதச் செய்து, உடனே தட்டையாகப் படுக்கவைத்து, கால்களை உயர்த்திப் பிடித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்குத் துடிப்புச் சீரடைந்தது. உட்கார்ந்தபடியே முக்கியவர்களில் 17 பேருக்குத்தான் சீரடைந்தது. ஆனால் இது, நோய் இன்னதென்று உறுதியாகி, டாக்டர் நேரில் கற்றுக்கொடுத்தவர்களுக்கு உரியது. மேடையில் கேட்டதை வைத்து வீட்டில் தாத்தாவின் காலைத் தூக்கிவிடாதீர்கள்.

தாறுமாறாகத் துடிக்கும் வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வேன். நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர். உருக்காலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலன்று அரைநாள் நெஞ்சு குழம்பிக் குழம்பி அடித்தது. மாலையில் அடங்கிவிட்டது. “வந்தது, போயிற்று” என்று விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு, கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு நழுவி விழுந்தது. வாய் குழறியது. வீட்டார் பதறினாலும், “விடியட்டும், பார்க்கலாம்” என்று படுக்கவைத்துவிட்டார்கள். அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது. இதே மேடையில் கம்பராமாயணத்தை மணிக்கணக்கில் பேசியவர் அவர். இன்று, நினைத்த சொல்லை நாவில் கொண்டுவர வெகுநேரம் போராடுகிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். தலையை அசைக்கிறார், பாருங்கள்.

அவருக்கு வந்ததன் பெயர் ஏட்ரியல் பிப்ரிலேஷன். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதற்குப் பதிலாக, காற்றில் அலையும் அரசிலை போல வெறுமனே நடுங்குகின்றன. இரத்தம் அங்கே தேங்கி, இடப்பக்க மேலறையின் ஒரு மூலையிலே உறைகிறது. அந்த உறைகட்டி புறப்பட்டு மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. வந்து வந்து போகும் வகைக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதைத் தயவுசெய்து மறவாதீர்கள். துடிப்பு அடங்கியதால் ஆபத்தும் அடங்கியதென்று பொருளில்லை. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றைக் கணக்கிட்டு, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து தேவையா என்பதை டாக்டர் தீர்மானிப்பார். அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போதும் என்று எண்ணிக்கொள்வது தவறு.

நம் நாட்டில் இளம் பெண்களுக்கும் இது வருவதுண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணும், அதன்பின் மூட்டு வீக்கமும் வந்து, அந்த வாதக் காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிட்டிருக்கும். அத்தகையோருக்கு இத்துடிப்பு வந்தால், புதிய மருந்துகளைவிடப் பழைய வார்பரினே மேலானது என்று 2022இல் வெளியான ஒரு பெரும் ஆராய்ச்சி காட்டியது. வார்பரின் உட்கொள்பவர் இரத்தத்தைக் குறித்த காலத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்டால் போதும். ஒரு வாரம் முழுப்பட்டினி, மறுவாரம் முளைக்கீரை மசியல் என்றிருந்தால்தான் கணக்குத் தடுமாறும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? படபடப்போடு மயக்கம் வந்தாலும், கண் இருட்டிக்கொண்டு விழப்போனாலும், நெஞ்சில் வலியோ இறுக்கமோ உண்டானாலும், மூச்சுத் திணறினாலும், ஓய்வாக இருந்தும் நாடி 120க்கு மேல் ஓடி அடங்காமலிருந்தாலும், நேரம் பாராமல் புறப்படுங்கள். முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அவ்வாறே. 108 அல்லது 112 என்ற எண்ணை அழையுங்கள். பக்கத்து வீட்டாரை எழுப்ப வெட்கப்படாதீர்கள். காலனி வாழ்க்கையின் பெரும் பயன் அதுதான். ஓடும்போதோ விளையாடும்போதோ ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், எழுந்து சிரித்தாலும் விடக்கூடாது. அன்றே காட்ட வேண்டும். ஒருவர் விழுந்து, அழைத்தால் விழிக்காமலும் மூச்சுச் சரியாக இல்லாமலும் கிடந்தால், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் தாழும்படி அழுத்திக்கொண்டே இருங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

அவசரமில்லை, ஆனால் சில நாளுக்குள் காட்டவேண்டும் என்ற வகையும் உண்டு. படபடப்பு அடிக்கடி வருவோர், உழைக்கும்போது வருவோர், இருதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளோர், கர்ப்பிணிகள், குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் எவரேனும் திடீரென இறந்திருப்போர் ஆகியோர் இதில் அடங்குவர். இவை எவையும் இல்லாமல், எப்போதாவது ஒருமுறை தட்டென்று இடித்து ஓய்ந்தால், ஒரு தடவை ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் இடைக்காலத்தில் எடுத்த ஈ.ஸி.ஜி. சீராக இருந்தால், ஒன்றுமே இல்லை என்று அதற்குப் பொருளாகாது. தூண்டில் போட்ட வேளையில் மீன் வரவில்லை என்பதே பொருள். படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள எந்த டிஸ்பென்சரிக்காவது போய் எடுத்து, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வாங்கி வையுங்கள். இன்றைய இளைஞர் சிலர் கட்டியிருக்கும் கைக்கடிகாரம்கூட அதைப் பதிவு செய்கிறது. அது சில சமயம் தவறும், எனினும் டாக்டரிடம் காட்டத் தக்கது. ஊருக்குப் போகையில், ரயில் பயணம் ஓர் இரவானாலும் இரண்டு இரவானாலும், பழைய ஈ.ஸி.ஜி.யின் நகலும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்; இருக்கைக்கு அடியில் பூட்டிய பெட்டியில் வேண்டாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாடகத்துப் பிள்ளைகள் மீசை ஒட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நிமிடம் மட்டும் எனக்குத் தாருங்கள். நம் சித்த வைத்தியர்கள் வாதம், பித்தம், ஐயம் என்று மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள் அல்லவா? அதே மூன்று விரல்களை, உங்கள் இடக்கைப் பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக மெல்ல வையுங்கள். பெருவிரலால் பார்க்க வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு. தெரிகிறதா? செயலாளர் அவர்கள் அறுபது நொடி ஆனதும் மணி அடிப்பார். எத்தனை என்பதையும், தாளம் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐயம் உள்ளவர்கள் நாடகம் முடிந்தபின் மேடைக்குப் பின்னுள்ள அறைக்கு வரலாம். நான் அங்கேயே இருப்பேன். இம்முறை எவரையும் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பமாட்டேன்.

எண்ணத் தொடங்குங்கள்.